எந்தப் புல்வெளிக்குப் போகலாம்?

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்கு இடமாற்றம் வேண்டும். இது நம் முன்னோர் நன்கு அறிந்திருந்த உண்மை. எங்கள் தருமபுரிச் சீமையில் ஆடிப் பதினெட்டு வந்துவிட்டால் ஊர் ஊராக ஒகேனக்கல்லுக்குப் புறப்பட்டுப் போவார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, அருவியில் தலை கொடுத்து நின்று, மீன் குழம்பும் சோறும் உண்டு திரும்புவார்கள். இன்னும் சிலர் தீர்த்தமலை ஏறிப் பாறையிலிருந்து சொரியும் நீரில் நீராடி வருவார்கள். ஒரு நாள் பயணந்தான். ஆனால் அந்த ஒரு நாள் ஆண்டு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

இன்று காலம் மாறிவிட்டது. எங்கள் கிராமங்களில் பிறந்து, புளியமரத்தடிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் பெரிய உத்தியோகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் கோல்ப் என்னும் ஆட்டத்தையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பழைய மாணவர்கள் என்னைக் காண வரும்போது, "ஐயா, இந்த வருஷ விடுமுறைக்கு வெளிநாடு போய் ஆடலாம் என்று இருக்கிறோம். நல்ல இயற்கைக் காட்சி உள்ள இடமாக ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பதுண்டு. கோல்ப் கோலைக் கையாலும் தொட்டறியாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியனிடம் இக்கேள்வியைக் கேட்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் என்னிடம் கேட்பது ஆட்டத்தைப் பற்றியன்று, இடத்தைப் பற்றி. இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது பூகோளமும் சரித்திரமும் சேர்ந்த விஷயம். அதைப் பற்றி ஆசிரியன் ஒருவன் நாலு வார்த்தை பேசலாம் அன்றோ?

ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிதான ஒரு வெள்ளைப் பந்து. அதைக் கோலால் அடித்து, தொலைவில் கொடி நட்டிருக்கும் ஒரு சிறு குழியில் விழச் செய்யவேண்டும். குழியின் அகலம் நாலே கால் அங்குலம். இப்படிப் பதினெட்டுக் குழிகள். எவர் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறாரோ அவரே வென்றவர். நம் சிறுவர்கள் தெருவில் ஆடும் கிட்டிப்புள்ளுக்கும் கோலிக்கும் இது தூரத்து உறவு என்றே சொல்லலாம். வேற்றுமை என்னவென்றால், கோலிக்கு ஒரு முழ நிலம் போதும். கோல்புக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆகவேதான் கோல்ப் ஆடப் போகிறவன் இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் மைதானங்கள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். கோல்ப் வெளி ஒவ்வொன்றும் அந்தந்த மண்ணின் மேடு பள்ளங்களால் ஆனது. ஆட்டமே நிலத்தோடு நடக்கும் ஓர் உரையாடல்.

சரி, எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? நான் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். முதலாவது, அந்தப் புல் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்கிறது? இரண்டாவது, அந்த நிலம் தன் இயல்பில் கிடக்கிறதா, அல்லது வலிந்து உருவாக்கப்பட்டதா? மூன்றாவது, அங்குள்ள மக்களோடு நாம் பேச முடியுமா?

முதற் கேள்வியை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. வறட்சி என்பது எங்கள் மாவட்டத்துக்குப் பழைய விருந்தாளி. இங்கே கிணறு தோண்டினால் நீர் ஊறுவது அருமை. ஊறினாலும் பல இடங்களில் அது ஃபுளோரைடு மிகுந்த நீர். அதைக் குடித்துப் பல்லில் கறையேறிய பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். காவிரி எங்கள் எல்லையிலேயே ஒகேனக்கல்லில் ஆர்ப்பரித்து விழுந்தும், அந்த நீர் குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வீடுகளை அடைவதற்கு 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் பச்சைப் புல்லைக் கண்டால், அதன் அழகுக்கு முன்பாக அதன் தாகம் கண்ணில் படுவது இயல்பு. வறண்ட தேசத்தில் ஒரு கோல்ப் வெளியைப் பசுமையாக வைத்திருக்க நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் நீர் வேண்டும். துபாயில் 1988இல் எமிரேட்ஸ் கோல்ப் கிளப் திறக்கப்பட்டபோது, பாலைவனத்தில் புல்வெளியா என்று உலகம் வியந்தது. குடிநீரின் பெரும்பகுதியைக் கடல்நீரில் உப்பு நீக்கிப் பெறும் நாடு அது. மனித முயற்சிக்கு அது ஒரு சான்று என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இயற்கைக் காட்சியை நாடிச் செல்பவன், வானம் பொழிந்து வளர்த்த புல்லை நாடுவதே முறை.

இரண்டாவது கேள்விக்கு விடை ஸ்காத்லாந்தில் இருக்கிறது. கோல்ப் ஆட்டத்துக்குத் தாயகம் அந்நாடு. இளைஞர்கள் வில்வித்தையை மறந்து இந்த ஆட்டத்திலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று 1457இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதற்குத் தடையே விதித்தது! அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடற்கரை ஊரில் உள்ள பழைய ஆடுவெளியை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. கடல் பின்வாங்கிய மணல்மேடு, காற்று வளைத்த பள்ளம், ஆடு மேய்ந்து கட்டையாக்கிய புல் இவையே அந்த மைதானம். 1764இல் அங்கே குழிகளைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். அதுவே பின்னர் உலகத்துக்கெல்லாம் கணக்காயிற்று. இன்னொரு செய்தி கேளுங்கள். அந்தப் புகழ்பெற்ற வெளி ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டத்துக்கு இல்லை. அன்று ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடு அதில் உலாவுகிறார்கள். நிலம் ஊருடையது என்பதை வாரம் ஒரு முறை நினைவூட்டும் ஏற்பாடு இது. வசதியும் குளிர் தாங்கும் உடலும் உள்ளவர்கள் அங்கே போய் வரட்டும். ஆனால் பயணம் நெடியது, செலவு பெரிது, ஆடுவதற்கு முறை கிடைப்பதும் சீட்டுக் குலுக்கலைப் பொறுத்தது.

ஆகவே மூன்று கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தரக்கூடிய இடம் ஒன்றை அருகிலேயே தேடுவோம். பெங்களூரிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அடையக்கூடிய நாடு இலங்கை. ஆங்கிலேயர் 1829இல் கல்கத்தாவிலும், 1876இல் பெங்களூரிலும் கோல்ப் சங்கம் நிறுவியது போல, 1879இல் கொழும்பிலும் ஒன்றை நிறுவினார்கள். அக்கொழும்பு மைதானத்தின் ஊடே களனிப் பள்ளத்தாக்கு ரெயில் பாதை செல்கிறது. வண்டி வரும்போது ஆட்டக்காரர்கள் ஒதுங்கி நின்று வழி விடுகிறார்கள். கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஓர் ஆடுவெளி உண்டு. தெற்கே அம்பாந்தோட்டையில் கடலோரமாக ஒன்று உண்டு. இவை மூன்றும் காணத்தக்கவையே. எனினும் நான் போகச் சொல்வது நான்காவதற்கு. அது நுவரெலியா.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மலைநகரம். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை, 2524 மீட்டர் உயரத்தில், அந்நகரின் தலைமாட்டில் நிற்கிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் ரெயிலில் ஏறி நானுஓயா நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மலைப்பாதையில் சிறிது தூரமே. இந்த ரெயில் பயணம் ஒன்றே போதும், போன செலவுக்குப் பயன் கிடைத்துவிடும். தென்னையும் நெல்லும் பின்னே நகர்கின்றன. ரப்பர் மரங்கள் வருகின்றன. அட்டனைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. சீப்பு வைத்து வாரியது போன்ற பச்சை வரிசைகள். நடுவில் வெள்ளை நூலாகத் தொங்கும் அருவிகள். தலவாக்கலை வந்ததும் மேகம் ஜன்னலுக்குள் நுழைகிறது. மண்சரிவினால் இப்பாதை தடைப்படுவதும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டைப் பெரிதும் சீரழித்தது. ஆகையால் புறப்படுமுன் வழியைப் பற்றி விசாரித்துக்கொள்வது அவசியம்.

இந்நகரின் சரித்திரம் சுவையானது. பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், வாலிபராயிருந்தபோது 1848இல் இங்கே குடியேறி, இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் விதைகளையும் வருவித்துப் பண்ணை வைத்தார். இன்று இந்நகரைச் சுற்றி லீக்ஸும் காரட்டும் முட்டைக்கோசும் விளையும் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். 1870களில் தேசாதிபதி கிரகரி துரை ஏரி ஒன்றை அமைத்தார். 1889இல் கோல்ப் சங்கம் தோன்றியது. இங்கே தங்கியிருந்த கார்டன் ஹைலாண்டர்ஸ் என்னும் ஸ்காத்லாந்துப் படைப்பிரிவினர் அதற்கு வித்திட்டனர் என்பர். தாய்நாட்டின் மேட்டையும் மூடுபனியையும் ஒத்த இடம் கண்டதும் அவர்களுக்குக் கோல் எடுக்கத் தோன்றியதில் வியப்பில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் அழைக்க, நானும் அங்கே சென்றேன். அவர் ஆடினார், நான் பதினெட்டுக் குழிகளும் உடன் நடந்தேன். நகரின் நடுவிலேயே அந்த வெளி இருக்கிறது. இரு மருங்கிலும் ஓங்கிய மரங்கள், குறுக்கே ஓடைகள், அகலம் குறைந்த பாதைகள். பந்தை வேகமாக அடிப்பவனைவிட நேராக அடிப்பவனுக்கே இந்நிலம் இரங்கும் என்று என் மாணவர் சொன்னார். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சமவெளியில் போவதைவிடச் சற்று அதிகமாகவே போகிறது. எனவே பெங்களூரில் எடுத்துப் பழகிய கோலை இங்கே அப்படியே எடுத்தால் பந்து குறி தாண்டிவிடும். வெளியை ஒட்டிப் பழைய ஆங்கிலேயர் கல்லறைகள் உள்ளன. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகப் பெயர் பெற்ற மேஜர் ரோஜர்ஸ் அங்கே கிடக்கிறார். 1845இல் அப்புத்தளையில் அவர் மீது இடி விழுந்தது. ஊரார் அதற்குச் சொல்லும் காரணத்தை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கோல்ப் ஆட்டத்தில் கோல்கள் நிறைந்த பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் காட்டி, காற்றின் போக்கைச் சொல்லும் உதவியாளர் ஒருவர் உண்டு. அவரைக் கேடி என்கிறார்கள். நம் ஊரில் அச்சொல்லுக்குப் போலீஸ் ஸ்டேஷன் புத்தகத்தில் வேறு பொருள் உண்டு. இவரோ மெத்தச் சாது. ஐம்பது வயதிருக்கும். முதல் இரண்டு குழிகள் வரை ஆங்கிலத்திலேயே பேசி வந்தவர், நானும் மாணவரும் பேசுவதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார்.

"ஐயாவுக்கு இந்தியாவில எந்த ஊருங்க?"

"தருமபுரி" என்றேன்.

அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். ஆகவே, "பழைய சேலம் ஜில்லா" என்று திருத்திச் சொன்னேன். அவர் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

"எங்க அப்பாயி சேலம் ஜில்லான்னுதாங்க சொல்லும். ஊர்ப் பேர் அதுக்கும் தெரியாது."

அப்பாயி! சேலம் பக்கத்தில் இன்றும் தந்தையைப் பெற்றவளை அழைக்கும் அதே சொல். ஊர்ப் பெயர் மறந்துபோயிற்று, தாலுகா மறந்துபோயிற்று, ஜில்லாப் பெயர் ஒன்றும், உறவுப் பெயர் ஒன்றும் கடலைக் கடந்து, மலையேறி, மூன்று தலைமுறை தாண்டி நின்றிருக்கின்றன.

நேயர்களே, அந்த மலைநாட்டின் காட்சி இயற்கை தந்தது மட்டுமன்று. அதை ஆக்கிய கைகள் நம்மவர் கைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிய ஏழைகள், கங்காணிகளின் பின்னே இராமேசுவரக் கரையோரம் சென்று தோணியேறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் ஆயிரமாயிரம் பேரை வழியிலேயே கொண்டுபோயின. முதலில் அவர்கள் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிச் சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பாழாயின. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி சாய்ந்த இடமெல்லாம் தேயிலை நிமிர்ந்தது. ஸ்காத்லாந்துக்காரன் கொண்டுவந்த செடி, ஸ்காத்லாந்துக்காரன் கொண்டுவந்த ஆட்டம் என்று இரண்டையும் சுற்றுலாப் புத்தகங்கள் சொல்கின்றன. இரண்டுக்கும் நிலம் திருத்திய தமிழனைச் சொல்வது குறைவு.

1947 தேர்தலில் இந்த நுவரெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். தோட்டத் தொழிலாளர்களே அவரை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அத்தொழிலாளர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது என்று அதில் கண்டிருந்தது. அவர்களையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் கூட்டிப் பார்த்தேன். தொகை சரியாகவே வருகிறது. ஆனால் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகக் குடும்பங்கள் வகுபடும்போது வந்த மீதியை எந்த ஒப்பந்தமும் எழுதி வைக்கவில்லை.

நம் கேடியின் குடும்பத்திலும் அப்படித்தான். அவருடைய அப்பாயியின் தம்பி, 1970களில் மனைவி மக்களோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, கோத்தகிரிப் பக்கம் போனாராம். இரண்டு கடிதம் வந்ததாம். அதற்கு மேல் செய்தி இல்லை. தாயகம் திரும்பியோருக்காகவே நம் அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை நிறுவியதை நான் அவருக்குச் சொன்னேன். இங்கே கொழுந்து கிள்ளிய கை அங்கேயும் கொழுந்தே கிள்ளியது. அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். பிறகு, "கோத்தகிரி ஐயா ஊருக்குப் பக்கமாங்களா?" என்றார்.

"ஒரு பகல் பயணம் இருக்கும்" என்றேன்.

"அப்ப பக்கந்தான்" என்றார் அவர்.

நெடுங்காலமாகக் கடலும் கடவுச்சீட்டும் இடையில் நிற்பவருக்கு, ஒரு பகல் பயணம் என்பது பக்கந்தானே!

இதைக் கேட்டு நேயர்களுள் ஒருவர், "ஐயா, நாங்கள் விளையாடப் போகிறோம், சரித்திரம் படிக்கவா போகிறோம்?" என்று வினவலாம். நியாயமான கேள்வி. இளைப்பாறப் போகிறவன் உலகத்துத் துயரை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டியதில்லை. ஆனால் அழகு என்பது என்ன? பார்த்து மகிழ்வதற்கும் அறிந்து மகிழ்வதற்கும் வேற்றுமை உண்டு. ஒகேனக்கல் அருவியைச் சும்மா பார்ப்பவன் நீர் விழுவதைப் பார்க்கிறான். அது குடகில் பிறந்து தஞ்சை வயலுக்குப் போகும் வழியில் இங்கே குதிக்கிறது என்று அறிந்தவன், ஒரு நாட்டின் உயிரோட்டத்தையே பார்க்கிறான். அறிவு அழகைக் குறைப்பதில்லை, ஆழமாக்குகிறது. அந்தச் சீப்பு வாரிய பச்சை வரிசைகளை அன்று மாலை மீண்டும் கண்டபோது, அவை எனக்கு முன்னைவிட அழகாகவே தோன்றின. அவற்றின் ஊடே கூடை சுமந்து இறங்கிய பெண்களைக் காட்சியின் ஒரு பகுதியாக அல்ல, காட்சியை ஆக்கியவர்களாகக் கண்டேன்.

நுவரெலியாவைப் பரிந்துரைப்பதற்கு இதுவே என் முதற் காரணம். அங்கே மழை புல்லை வளர்க்கிறது. நிலம் தன் மேடு பள்ளத்தோடு கிடக்கிறது. மக்களோடு நம் மொழியிலேயே பேசலாம். வேறு எந்த அயல்நாட்டு மலைநகரில் இம்மூன்றும் ஒருங்கே அமையும்?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டின் இறுதியில் பெய்கிறது. இரண்டுக்கும் இடையே பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் மாதம் அவ்வூரின் வசந்தப் பருவம். மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும். ஆனால் கூட்டம் நெருக்கும், விடுதிக் கட்டணம் ஏறும். ஆண்டின் தொடக்கத்தில் விடியற்காலைகளில் உறைபனி விழுவதும் உண்டு. கம்பளி உடை இன்றிப் போகவேண்டாம். கோல்களை வைக்கும் பை நீளமானது, கனமானது. விமானத்தில் ஏற்றுவதற்கான விதிகளை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மைதானத்தில் வெளியூராருக்கு ஆட இடம் உண்டாயினும், நாளையும் நேரத்தையும் முதலிலேயே எழுதிப் பதிவு செய்துகொள்வது உத்தமம்.

இவை எல்லா வழிகாட்டிப் புத்தகங்களிலும் கிடைக்கும். அவற்றில் கிடைக்காத இரண்டைச் சேர்த்துச் சொல்கிறேன். நான்கு நாள் தங்கினால், மூன்று நாள் ஆடுங்கள். ஒரு நாளை ஆட்டத்துக்கு வெளியே வையுங்கள். அன்று ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குப் போகலாம். சீதாஎலியாக் கோயிலில் கும்பிடலாம். அதோடு, அனுமதி பெற்று ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் செல்லுங்கள். வரிசையாக நிற்கும் லயம் வீடுகளைப் பாருங்கள். ஒற்றை அறையும் முன்திண்ணையுமாக, பிரிட்டிஷ் காலத்தில் கட்டியவை பல இன்னும் நிற்கின்றன. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்று கண்ணில் பட்டால் உள்ளே சென்று, அனுமதியோடு பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள். நம் தமிழ் நூல்கள் பத்து கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்டியில் பெரிய இடம் பிடிக்காது.

இரண்டாவது, பணத்தைப் பற்றியது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை இலங்கை ரூபாய் ஆயிரமாக உயர்த்துவதற்கே நெடிய போராட்டம் வேண்டியிருந்தது. நாம் ஒரு சுற்று ஆடுவதற்குக் கொடுக்கும் கட்டணம் அவர்களுக்குப் பல நாட்கூலி. இதை நினைத்து மனம் கூசி ஆடாமல் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பை சுமப்பவரிடம் பேரம் பேசாதீர்கள் என்றே சொல்கிறேன். வேலை முடிந்ததும் தாராளமாகக் கொடுங்கள். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். கூலியைக் கொடுப்பதோடு மரியாதையையும் கொடுத்தால், அது அவர் மனத்தில் வெகுநாள் நிற்கும்.

2023ஆம் ஆண்டில், தம் முன்னோர் அம்மண்ணில் கால் வைத்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் போனார்கள். முன்னோர் நடந்த அதே திசை. இம்முறை அவர்கள் குடிமக்களாக நடந்தார்கள். 2003இல் இயற்றிய சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை அளித்துவிட்டது. நிலமும் வீடும் இன்னும் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பவை.

வெளிநாட்டுப் பயணம் நம் இளைஞர்களுக்கு எளிதாகியிருக்கிறது. இது மகிழத்தக்கது. கூலிகளாகத் தோணியேறிய சீமையிலிருந்து இன்று விருந்தினராக விமானம் ஏறுகிறோம். ஒரே மண்ணில் பிறந்த இரு பயணங்கள் அந்தப் புல்வெளியில் சந்திக்கின்றன. ஒருவன் கோலைப் பிடித்திருக்கிறான், ஒருவன் பையைச் சுமந்திருக்கிறான். யார் எதைப் பிடிப்பது என்பதை முடிவு செய்தது, நூறு ஆண்டுகளுக்கு முன் எந்த வீட்டில் பஞ்சம் முதலில் நுழைந்தது என்பது ஒன்றே. இதை மனத்தில் கொண்டு போகிறவன் நல்ல விருந்தினனாக இருப்பான். நல்ல ஆட்டக்காரனாகவும் இருப்பான் என்பது என் நம்பிக்கை. பந்தைக் குழியில் இட்டதும் தலை நிமிர்ந்து மலையைப் பாருங்கள். பிறகு, உடன் வந்தவரிடம் அவருடைய ஊரைக் கேளுங்கள்.